சாயங்காலப் பங்கு

டைல்ஸ்காரருக்குப் பேச வராது என்று சொல்கிறவர்கள் அவரோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்தே காது கேளாதவர்; அதனால் பேச்சு முழுக்கக் கையில்தான். ஆனால் அது என்ன பேச்சு! காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார், பிரஷ் வாயில், கை இரண்டும் காற்றில். 'ஊமை கண்ட கனவு' என்று பழமொழி கட்டி வைத்த புண்ணியவான் எவனோ, அவன் அகப்பட்டால் இவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கண்ட கனவை, நடுவில் வந்த நாயின் வால் உட்பட ஒன்று விடாமல், விடிந்தும் விடியாததுமாகப் பெண்டாட்டியை எழுப்பி உட்காரவைத்துச் சொல்லி முடித்தால்தான் அவருக்குக் காபியே இறங்கும்.

பெண்டாட்டிக்கு ஒரு டாக்ஸி ஆபீஸில் போன் எடுக்கிற வேலை. எங்கே ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள், வண்டி கிளம்பிவிட்டது, இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று பகல் முழுக்க வாயால் பேசிப் பிழைப்பவள். வீட்டுக்கு வந்தால் வாய்க்கு ஓய்வு, கைக்கு வேலை. அவருடைய நண்பர்கள் அவளுக்கு ஒரு கைப்பெயர் வைத்திருந்தார்கள். காது கேளாதவர்களிடம் இந்த விஷயத்தில் முகதாட்சண்யமே கிடையாது. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். ஒருவன் தொப்பை, ஒருவன் காக்காய் மூக்கு. தொப்பை இப்போது இளைத்துவிட்டான், பெயர் இளைக்கவில்லை. இவளுக்குத் தாடையில் ஒரு மச்சம் இருந்ததால் ஏதோ தப்பித்தாள். தாடையை விரலால் ஒரு தொடு தொட்டால் அது அவள். நாமும் மச்சக்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த டாக்ஸி ஆபீஸுக்குத் தரை போட வந்தவர்தான் அவர். மற்ற டைல்ஸ்காரர்கள் ஒட்டி முடித்ததும் கட்டையால் தட்டி, அடியில் சாந்து நிறையாமல் பொள்ளலாக இருக்கிறதா என்று காதால் கேட்பார்கள். இவர் தட்டிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது என்ன, ஏன் என்று சைகையில் கேட்கப் போனவள், தரை முடிவதற்குள் அவரோடு சண்டை போடுமளவு கைப்பேச்சு கற்றுக்கொண்டாள். சண்டை போடத் தெரிந்துவிட்டால் அப்புறம் கல்யாணம் செய்துகொள்வதுதானே முறை? செய்துகொண்டார்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வேறு ஊரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு வேலை வந்தது. மாடி மாடியாகத் தரை போட வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாம். மீதி நாளெல்லாம் போனில் வீடியோதான்.

இங்கேதான் டேட்டா என்கிற பேய் வந்து சேர்ந்தது. நமக்கெல்லாம் டேட்டா தீர்ந்தால் என்ன? பாட்டு நிற்கும், படம் நிற்கும். ஆத்திர அவசரத்துக்கு நம்பரைப் போட்டுப் பேசிக்கொள்ளலாம். அவருக்கு அப்படியில்லை. முகமும் கையும் தெரிந்தால்தான் பேச்சு. டேட்டா தீர்ந்தால் தொண்டை கட்டின மாதிரி. போன் கம்பெனிக்காரன் நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதை அவரும் அளந்து செலவு செய்திருக்க வேண்டும். செய்தாரா? நண்பர்கள் எல்லோருமாகச் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். காலையில் தொப்பை வருவான், காக்காய் மூக்கு வருவான், ஆளுக்கு ஒரு சதுரத்தில் உட்கார்ந்துகொண்டு கையை வீசி வீசி ஊர் வம்பு. டீ நேரத்தில் வம்பு, சாப்பாட்டு நேரத்தில் வம்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாம் பேசுவதை அவர்கள் போனில் பேசினார்கள், அவ்வளவுதான். தப்பு சொல்ல முடியாது.

ஆனால் சாயங்காலம் மச்சக்காரி என்ன செய்வாள்? வேலை முடிந்து ஓடி வருவாள். கை நன்றாகத் தெரிய வேண்டுமென்று கறுப்புச் சட்டை மாற்றிக்கொள்வாள். பூப்போட்ட திரைக்கு எதிரே நிற்காமல் வெறும் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, விளக்கைத் தன் பக்கம் திருப்பிவைத்து உட்காருவாள். அவர் முகம் வரும். 'இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா' என்று கை எழும்பும். அப்படியே உறைந்துபோகும். சுற்றிக்கொண்டே ஒரு வட்டம் வரும். அப்புறம் அதுவும் போய்விடும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினம் இதே கதை. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டிக்குப் பாத்திரத்தை வழித்துப் போட்ட மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பிடித்துக்கொண்டாள். தப்புதான், இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடுத்த நாளே தொப்பையின் மச்சினிக்கு வரன் பார்த்த கதையில் அன்றைய டேட்டா அத்தனையும் போனது. அந்த வரனாவது குதிர்ந்ததா என்றால் அதுவும் இல்லை.

அடுத்த முறை வந்தவரைக் கையைப் பிடித்துப் போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அதற்கென்ன, ஒரு அளவு வைத்துவிடலாம் என்றார் அவர். நாள் டேட்டாவில் பாதி தீர்ந்ததும் போனில் டேட்டா தானாக மூடிக்கொள்ளும். சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபாதி தானாகத் திறக்கும். நடுவில் அவசரம் என்றால் திறப்பதற்கு ஒரு ரகசிய எண், அதை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மச்சக்காரி யோசித்தாள். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு கடைக்காரர் காதோடு காதாக ஒரு எண்ணைச் சொல்லி, இது போதுமா என்று கேட்டாள். போதும் என்று அவர் போனை நீட்ட, தன் விரலாலேயே அழுத்தினாள். டைல்ஸ்காரர் கவுன்டரின் அந்தப் பக்கம் நின்று போன் உறைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு விளக்கினாள். இது பகல் பங்கு, இது என் பங்கு. தொப்பைக்கு அதிலிருந்து கொடு, எனக்கு இதிலிருந்து கொடு. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று அவள் தயாராக நின்றாள். ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த 'ஒன்றும் சொல்லாமல்'தான் அவளுக்கு உறுத்தியது. சட்னியில் உப்பு குறைந்தால்கூட அரைமணி நேரம் கை வலிக்கப் பேசுகிற மனிதர்.

அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் வந்தாள். அவருக்கு அக்கா. ஒரே வீட்டில் கூடப் பிறந்து வளர்ந்தும் சாப்பிடு, தூங்கு, வா, போ என்பதற்கு மேல் தம்பியின் பேச்சில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளாதவள். கெட்டவள் இல்லை, தேவைப்படவில்லை அவளுக்கு. டேட்டா சங்கதியைக் கேட்டதும் ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

"நல்லதாப் போச்சு. இனிமேலாவது கொஞ்சம் அடங்கி உக்காருவான். சின்ன வயசுல நாங்க அவன் கையைப் பிடிச்சுக் கட்டித்தான் உக்கார வைப்போம். இல்லேன்னா வீடு தாங்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மச்சக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து சத்தம் வந்தால்தான் ஆயிற்று என்று ஒரு வாத்தியார் அவர் கை இரண்டையும் நாற்காலிக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிவைப்பாராம். கல்யாணமான புதிதில் அவர் ஒரே ஒரு தடவை சொன்னது. எதையும் வேடிக்கையாகச் சொல்கிற மனிதர் அதை மட்டும் வேடிக்கை இல்லாமல் சொன்னார். நாத்தனார் போன பிறகு அவளுக்கு நெஞ்சில் முள் மாட்டிக்கொண்டது. நானும் அதைத்தான் செய்திருக்கிறேனா? கயிறு இல்லாமல் கட்டியிருக்கிறேனா?

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் சாயங்காலங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன, என்ன செய்வாள் பாவம். ஏழு அடித்ததும் குளித்து, தலை வாரி, சிமென்ட் போகத் தேய்த்த கையோடு வந்து உட்காருவார். எந்த மாடியில் எந்த டைல்ஸ் உடைந்தது, மேஸ்திரி எப்படி வழுக்கி விழுந்தார், விழுந்தும் விழாத மாதிரி எப்படி எழுந்து நடந்தார், எல்லாம் நடித்தே காட்டுவார். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். உறையாது, வட்டம் சுற்றாது. அவளும் தன் ஆபீஸ் கதைகளைச் சொல்வாள். ஒரு நாளில் அவளை முழுசாகக் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான். இதை விட மனசு வருமா? வரவில்லை. வைத்துக்கொண்டாள், கூடவே முள்ளையும் வைத்துக்கொண்டாள்.

பகலில் டேட்டா மூடிக்கிடக்கும் நேரத்துக்கு அவர்களுக்குள் வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. மதியம் அவள் சும்மா அவர் நம்பருக்கு ஒரு ரிங் கொடுப்பாள். அவர் பையில் போன் அதிரும். எடுத்து வெட்டிவிடுவார். வெட்டினால் 'சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். வெட்டாமல் அடித்துக்கொண்டே போனால்தான் கவலை. உலகத்தில் புருஷன் போனை வெட்டினால் சந்தோஷப்படுகிற பெண்டாட்டி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்றைக்கும் ரிங் கொடுத்தாள், அவர் வெட்டினார். நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அதே நேரம் மேஸ்திரியின் போன் வந்தது.

காலையிலிருந்தே வயிற்று வலியாம். சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறார். வலது பக்கம் பிடித்துக்கொண்டு ஒட்டின டைல்ஸ் மேலேயே சுருண்டுவிட்டாராம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. இப்போதுதானே வெட்டினார்? நல்லா இருக்கேன் என்று சொன்னாரே? அதற்குள் மேஸ்திரியிடமிருந்து போனை ஒரு நர்ஸ் வாங்கிக்கொண்டார். நிதானமான குரல். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும், டாக்டர் தயார். ஆனால் ஆள் யாரையும் தொடவிடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். ஊசியைத் தட்டிவிட்டார்.

"எதிர் கட்டில்காரரைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் நல்லாதாம்மா இருந்தார். அப்புறந்தான் இப்படி. எழுதிக் காட்டினோம், தள்ளிவிட்டுட்டார். நீங்க அவருக்குச் சொல்ல முடியுமா?"

எழுத்து அவருக்கு ஆகிவராது. கைப்பேச்சில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் அயல் பாஷை மாதிரி. பெயர்கள், எண்கள், சின்னச் சின்ன வார்த்தைகள் படிப்பார், அதற்கு மேல் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போதாக்குறைக்கு மேஸ்திரி வேறு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஆட்டை அறுப்பது போல் தன் வயிற்றில் கையை இழுத்துக் காட்டியிருக்கிறார். இதைப் பார்த்த பிறகு எவன்தான் படுப்பான்?

நான் பேசுகிறேன், வீடியோவில் முகத்தைக் காட்டுங்கள் என்றாள். மேஸ்திரியுடையது பட்டன் போன். வார்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் போனை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம். இருப்பது டைல்ஸ்காரர் போன் ஒன்றுதான், அதையும் யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருக்கிறார். பகல் பங்கு எப்போதோ தீர்ந்திருக்கும், அந்தப் போன் மூடிக்கிடக்கும். மூடியது அவள்.

அவர் நம்பருக்கு ரிங் கொடுத்தாள். வெட்டினார். நல்லா இருக்கேன். மறுபடி கொடுத்தாள். வெட்டினார். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். அடப்பாவி மனுஷா! குடல் வெடிக்கப் போகிற நேரத்திலும் பெண்டாட்டி பயந்துவிடக் கூடாதென்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

கடைசியில் மெசேஜ் தட்டினாள். சாதாரண மெசேஜுக்கு டேட்டா வேண்டாம். அவருக்குப் படிக்க வருகிற வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதினாள்: "ஆஸ்பத்திரி. எனக்குத் தெரியும். முகம் காட்டு." அனுப்பின பிறகுதான், திறக்காத போனில் எந்த முகத்தைக் காட்டுவார் என்று உறைத்தது. ரகசிய எண்ணை அனுப்பப் போனாள். முதல் எண்ணைத் தொட்டாள், அவ்வளவுதான். போன் கையில் அதிர்ந்தது. வீடியோ. அவர்.

யோசிக்க நேரம் இல்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தாள். தண்ணீர்க் கேன் பக்கத்தில் கொஞ்சம் வெறும் சுவர் இருந்தது, அங்கே போய் நின்றாள். பேச இரண்டு கையும் வேண்டுமே, போனை யார் பிடிப்பது? ஆபீஸ் முதலாளியம்மா எழுந்து வந்தார். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற அம்மாள் அவர். போனை வாங்கி இரண்டு கையாலும் அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் அவர் போனை நர்ஸிடம் கொடுத்திருந்தார். இரண்டு பேர் பேச, இரண்டு பேர் பிடித்தார்கள்.

அவர் முகம் வெளுத்து, வேர்த்து, பாதியாகிக் கிடந்தது. கைப்பேச்சில் நீ, நீங்கள் என்கிற வித்தியாசம் கிடையாது, சுட்டுவிரல் ஒன்றுதான். அதனால் அவர்கள் பேசினதை அப்படியே எழுதுகிறேன், யாரும் மரியாதை போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

"சும்மா வயித்து வலி. நீ போய் வேலையைப் பாரு," என்றார்.

"பொய். உள்ள வீங்கியிருக்கு. வெட்டி எடுக்கணும். சின்ன வேலை. தூங்குவே, முழிப்பே, நான் பக்கத்துல இருப்பேன். ஏன் விடமாட்டேங்கிறே?"

அவர் நர்ஸை ஒரு தரம் பார்த்தார். பிறகு கை மெதுவாக எழுந்தது.

"கையைக் கட்டிடுவாங்க. எதிர்ல இருந்தவனைக் கட்டித்தான் தள்ளிட்டுப் போனாங்க. நான் பார்த்தேன். கட்டிட்டா வலிக்குதுன்னுகூட என்னால சொல்ல முடியாது."

மச்சக்காரிக்கு நாத்தனாரின் சிரிப்பு, வாத்தியாரின் நாற்காலி, போன் கடை எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதற்கெல்லாம் இப்போது நேரமா? அவள் வாயைத் திறந்து, அந்தப் பக்கம் போன் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்குக் கேட்கும்படி சொன்னாள். சிஸ்டர், அவருக்குக் கத்தி பயம் இல்லை. கையைக் கட்டுவீர்கள் என்றுதான் பயம். அவருக்குக் கைதான் வாய். நம் வாயில் துணியைத் திணித்துத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனால் நாம் சும்மா படுப்போமா?

படம் லேசாக ஆடியது.

"இது எங்க யாருக்கும் தோணலையேம்மா," என்றார் நர்ஸ்.

அப்புறம் அந்த அம்மாள் செய்ததை மச்சக்காரி செத்தாலும் மறக்கமாட்டாள். மேஸ்திரியிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்தார். தூங்கின பிறகுதான் கட்டுவோம், தூக்கத்தில் கை நழுவி விழாமல் இருக்கத்தான் அது. முழிப்பதற்கு முன்னால் அவிழ்த்துவிடுவோம். ஊசியைப் பேசுகிற கையில் குத்தாமல் இடது முழங்கைக்கு மேலே குத்துவோம். டாக்டர் சொல்லச் சொல்ல மச்சக்காரி கையால் சொன்னாள். யார் பொறுப்பு என்று டைல்ஸ்காரர் கேட்டார். நர்ஸ் அதற்கு மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டில் கம்பியை விட்டார்.

"சரி. ஆனா தையல் கோடு நேரா இருக்கணும், சாந்து வழியக் கூடாதுன்னு அந்த டாக்டர்கிட்டச் சொல்லு."

அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரிடம் சொல்லவும் சொன்னாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு வரைக்கும் நர்ஸ் போனைப் பிடித்தபடி கூடவே நடந்தார், இவளும் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் தலையாட்டிக்கொண்டே போனார். கதவு தெரிந்தது. அங்கே அன்றைய டேட்டா முழுசாகத் தீர்ந்து படம் போனது.

முதலாளியம்மா போனை அவள் கையில் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ரகம் இல்லை. வெளியே நின்ற வண்டியில் ஏறு, டிரைவரிடம் சொல்லிவிட்டேன், இங்கே நான் போன் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஊரெல்லாம் வண்டி அனுப்பினவளுக்கு அன்று ஒரு வண்டி வந்தது.

பாதி வழி போன பிறகுதான் மச்சக்காரிக்கு நினைவு திரும்பியது. கையிலிருந்த போனைப் பார்த்தாள். ரகசிய எண்ணின் முதல் எண் மட்டும் அனுப்பாமல் அப்படியே கிடந்தது. அவள் அனுப்பவே இல்லை. அப்படியென்றால் அவர் எப்படித் திறந்தார்?

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில் வார்டு ஜன்னலில் சாய்ந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேலை நேரம் முடிந்தும் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை அவிழ்த்தது நான்தான், முழித்ததும் முதலில் இரண்டு கையையும் தூக்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ முக்கியமான விஷயம் போலிருந்தது, அதனால் தலையாட்டிக்கொண்டே இருந்தேன் என்றார்.

மச்சக்காரி நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். பகல் முழுக்கப் பேசியே பிழைக்கிறவள் அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்ஸ் அவள் தோளைத் தட்டிவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டைல்ஸ்காரர் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் விரலால் தன் தாடையைத் தொட்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலிக்கிறதா, தாகமா என்று கேட்க வேண்டிய நேரத்தில் அவள் கேட்டது வேறு.

"அந்த நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

"கடையிலயே தெரியும். வாயை மூடிக்கிட்டு, விரலைக் காட்டி அழுத்தினே. யார்கிட்ட? என்கிட்ட."

அட! கையைப் பார்த்தே வாழ்கிற மனிதருக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு, விரலால் ரகசியம் செய்திருக்கிறாள். காது கேட்கிறவர்கள் புத்தி இவ்வளவுதான். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் வெட்கத்துக்குக் கீழே வேறொன்று மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. முதல் நாளிலிருந்தே தெரியும். அத்தனை நாளும் சாவி அவர் பையில்தான் இருந்திருக்கிறது. தொப்பை கூப்பிட்டிருப்பான், காக்காய் மூக்கு கூப்பிட்டிருப்பான். ஒரு நாளாவது திறந்திருந்தால் சாயங்காலம் படம் உறைந்திருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளும் உறையவில்லை.

"அப்ப ஏன் திறக்கலே? நானும் உன் கையைக் கட்டிட்டேன்னு நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல. நீ ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையே?"

அவர் அவளை ஏதோ விளங்காத பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கட்டினியா? பைத்தியம். நான் பேசினா எல்லாருக்கும் தொல்லை. அம்மா, அக்கா, வாத்தியார், எல்லாரும் நான் எப்ப நிறுத்துவேன்னுதான் பார்த்தாங்க. எனக்குப் பேச்சு மிச்சம் வைக்கலையேன்னு என்கிட்டச் சண்டை போட்டது உலகத்துலயே நீ ஒருத்திதான். கடைவரைக்கும் இழுத்துட்டுப் போய்ச் சண்டை போட்டே. அதைப் போய் நான் திறப்பேனா?"

அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, நீட்டியும் விட்டாள். ஆனால் அது மறுபடி எழும்பிவிட்டது. மயக்க மருந்துத் தூக்கத்தில் கனவு ஒன்று வந்ததாம், அதில் நாய் ஒன்று வந்ததாம், அதன் வால் எப்படி இருந்தது என்றால். அவள் நீட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.